பிரிவின் விலை: சங்கப் பாடல்களில் தன்னின்பமும் பிறர்க்குரிய கடமையும்

முன்னுரை

தன் இன்பத்தை விட்டுக்கொடுத்துப் பிறர் துயர் தீர்ப்பவனை உயர்ந்தோன் எனப் போற்றுவது அறநூல்களின் பொதுமரபு. இம்மரபு ஒரு கணக்கை அடிப்படையாகக் கொண்டது. ஒருபுறம் ஒருவனது இன்பம். மறுபுறம் பலரது நலம். இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் பலரது நலமே கனக்கும் என்பது அக்கணக்கின் முடிவு. ஆனால் அக்கணக்கில் கேட்கப்படாத வினா ஒன்று உண்டு. ஒருவன் துறப்பதாகச் சொல்லும் இன்பம் அவனுக்கு மட்டுமே உரியதா? அதில் பங்குடைய மற்றோர் உயிர் இருக்குமாயின், அவன் கொடுப்பது தன்னுடையதையா, பிறருடையதையும் சேர்த்தா?

சங்க இலக்கியத்தின் பிரிவுப் பாடல்கள் இவ்வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. பாடநூல்களிலும் மேடைகளிலும் அப்பாடல்களுக்குப் பெரிதும் வழங்கும் விளக்கம் வேறு. காதலுக்கும் கடமைக்கும் இடையே போராட்டம் நிகழ்கிறது, தலைவன் கடமையைத் தேர்கிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள், இதுவே தமிழரின் பண்பாடு என்பது அவ்விளக்கம். பாடல்களைக் கூற்று, கேட்போர், முடிவு ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கும்போது இவ்விளக்கம் நிற்பதில்லை. கடமை பெரிதா, இன்பம் பெரிதா என்று புலவர்கள் தீர்ப்பளிக்கவில்லை. கடமையின் விலையை யார் செலுத்துகிறார் என்பதையே அவர்கள் பதிவு செய்துள்ளனர். இதனைச் சில பாடல்களின் வழியாக நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிவின் காரணம்

தொல்காப்பிய அகத்திணையியல் ஓதல், பகை, தூது, பொருள் ஆகியவற்றைப் பிரிவின் காரணங்களாகக் கூறுகிறது. இவற்றுள் பாலைப் பாடல்களில் பெரிதும் இடம்பெறுவது பொருள்வயிற் பிரிவு. பொருள் தேடிச் செல்லும் தலைவன் தன் செல்வத்தைப் பெருக்கிக்கொள்ளும் ஆசையினால் செல்வதாகப் புலவர்கள் காட்டுவதில்லை. வறியோர்க்குக் கொடுத்தல், சுற்றத்தைத் தாங்குதல், இரந்து வந்தோரை வெறுங்கையோடு அனுப்பாமை ஆகியனவே அவன் சொல்லும் காரணங்கள். ஆகவே இப்பிரிவு பேராசைக்கும் காதலுக்கும் இடையிலான முரண் அன்று. அவ்வாறு இருந்திருப்பின் தீர்ப்பு எளிது. பிறர்க்குச் செய்யவேண்டிய கடமைக்கும், கூடி வாழும் இன்பத்திற்கும் இடையே எழும் முரண் இது. இரண்டு நன்மைகள் எதிர்நிற்பதே இதன் அருமை.

உகாய்க்குடி கிழாரின் குறுந்தொகைப் பாடல் (63) இம்முரணைச் சுருங்கிய வடிவில் தருகிறது. பொருளில்லாதவர்க்கு ஈதலும் இல்லை, துய்த்தலும் இல்லை என்று எண்ணி நெஞ்சம் வினையின்மேல் விரைகிறது. தலைவன் அதனை மறுக்கவில்லை. அவ்வினைக்கு அவளும் உடன் வருவாளா, தன்னை மட்டும் இழுத்துச் செல்கிறாயா என்று நெஞ்சைக் கேட்கிறான். பாடல் அவ்வளவில் முடிந்துவிடுகிறது. நெஞ்சம் விடை கூறவில்லை. ஈதலும் துய்த்தலும் ஒருங்கே பேசப்படுவது ஈண்டு நோக்கத்தக்கது. பொருள் வேண்டுவது பிறர்க்காக மட்டும் அன்று. தம் வாழ்வுக்காகவும் என்ற நேர்மை அதில் உள்ளது. துய்த்தலுக்கெனப் பொருள் தேடச் செல்வோன், துய்ப்பதற்குரிய துணையை விட்டே செல்லவேண்டியுள்ளது என்பதே தலைவனது வினாவின் கூர்மை.

கூற்று மறந்த மேற்கோள்

பிரிவுப் பாடல்கள் தவறாகப் படிக்கப்படுவதற்குத் தலையாய சான்று குறுந்தொகையின் 135ஆம் பாடல். பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றிய இப்பாடலில், ஆடவர்க்கு வினையே உயிர் என்றும் மனையுறை மகளிர்க்கு ஆடவரே உயிர் என்றும் ஒரு கருத்து வருகிறது. இக்கருத்து தனித்து எடுக்கப்பட்டுப் பழந்தமிழரின் வாழ்க்கை நெறியாக மேற்கோள் காட்டப்படுவதுண்டு. முற்பகுதியை மட்டும் எடுத்து உழைப்பின் உயர்வுக்குச் சான்றாக்குவாரும் உளர்.

பாடலின் கூற்று வேறு. பேசுபவள் தோழி, கேட்பவள் பிரிவை அஞ்சி அழும் தலைவி. அக்கருத்தைச் சொன்னவன் தலைவனே என்று தோழி நினைவூட்டுகிறாள். சொன்னவன் அவனே ஆதலால் அழவேண்டா, அவன் செலவைக் கைவிடுவான் என்று முடிக்கிறாள். அதாவது, வினையே உயிர் என்ற கொள்கையின் மறுபாதி அவனைத் தடுத்து நிறுத்தும் வாதமாகிறது. அவள் உயிர் அவனே என்பதை அவன் அறிவான். அறிந்தவன் தன் கடமைக்காக அவள் உயிரைக் கொடுக்கமாட்டான். கடமையை உயர்த்துவதற்கு இன்று ஆளப்படும் தொடர், பாடலுக்குள் பயணத்தை நிறுத்துவதற்கே ஆளப்பட்டுள்ளது. கூற்றை நீக்கிக் கருத்தை மட்டும் எடுப்பது பாடலின் முடிவைத் தலைகீழாக்கிவிடுகிறது.

கோப்பெருஞ்சோழன் பாடிய குறுந்தொகை 20ஆம் பாடலையும் இதனோடு இணைத்துப் படித்தல் வேண்டும். அருளையும் அன்பையும் விட்டுத் துணையைப் பிரிந்து பொருளுக்காகச் செல்வோர் அறிவுடையோர் எனில், அவர் அறிவுடையோராகவே இருக்கட்டும், நாம் அறிவிலார் ஆகுவம் என்கிறாள் தலைவி. இங்கே அவள் காதலை அருளுக்கு எதிராக நிறுத்தவில்லை. பிரிவோன் இழப்பது அன்பை மட்டும் அன்று; அருளையும் இழக்கிறான் என்கிறாள். அருள் என்பது தொடர்பில்லாதார் மேலும் செல்லும் இரக்கம். பிறர்க்கு அருள் செய்வதற்கென்று சொல்லிப் புறப்படுவோன், வாயிலிலேயே அருளை நீக்கிச் செல்கிறான் என்பது அவளது குற்றச்சாட்டு. இதனைப் பாடியவன் நாடாளும் சோழன் என்பது கருதத்தக்கது. பொதுக்கடமையின் சுமையை அறியாத ஒருவனின் பாட்டு அன்று இது.

தேய்ந்த கயிறு

தலைவனது மனநிலையைக் காட்டும் பாடல்களுள் நற்றிணை 284 தனியிடம் பெறுவது. வினைமேற் சென்று இடைவழியில் நிற்கும் தலைவனை அப்பாடல் காட்டுகிறது. துன்பம் தீரத் திரும்பிச் செல்வோம் என்கிறது நெஞ்சம். எடுத்த வினையை முடிக்காமல் விடுவது அறியாமையும் இழிவும் தரும், சிறிது பொறு என்கிறது அறிவு. இவ்விரண்டுக்கும் நடுவே உடம்பு, இரண்டு யானைகள் எதிரெதிர் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல அழிந்துபோகுமோ என்று அவன் வருந்துகிறான். இவ்வுவமையால் புலவர்க்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்ற பெயரே அமைந்துவிட்டது.

இவ்வுவமையில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, இழுக்கும் இரண்டும் யானைகள். ஒன்று வலிது, மற்றொன்று மெலிது என்று புலவர் கூறவில்லை. இன்பத்தை மெல்லிய ஆசையாகவும் கடமையை உறுதியான ஆற்றலாகவும் பிரித்துக்காட்டும் வழக்கமான படிமத்தை இது ஏற்கவில்லை. இரண்டாவது, நெஞ்சம் தீர்க்க விரும்பும் துன்பம் யாருடையது என்பது பாடலில் வரையறுக்கப்படவில்லை. தலைவியின் துன்பம் என்றும் கொள்ளலாம். இருவர் துன்பம் என்றும் கொள்ளலாம். எங்ஙனம் கொள்ளினும், நெஞ்சம் பேசுவது தன் இன்பத்தின் மொழியை அன்று. துயர் தீர்த்தல் என்னும் கடமையின் மொழியையே அதுவும் பேசுகிறது. மாறாக, அறிவு பேசுவது இழிவு வரும் என்னும் அச்சத்தை. அதாவது தன் பெயரைப் பற்றிய கவலையை. கடமையின் பக்கம் நிற்பதாகத் தோன்றும் குரலில் தன்னலத்தின் சாயலும், இன்பத்தின் பக்கம் நிற்பதாகத் தோன்றும் குரலில் பிறர்நலத்தின் சாயலும் கலந்துள்ளன. தன்னலம், பிறர்நலம் என்று கோடு கிழித்து இருபுறமும் வைக்க இயலாமையே இப்பாடலின் உண்மையான துன்பம்.

எது பொருள்

கலித்தொகையின் பாலைக்கலியைப் பாடியவரும் பெருங்கடுங்கோவே. அதன் இரண்டாம் பாடலில் இவ்வழக்கு ஒரு முறையான வாதமாக விரிகிறது. இரந்தோர்க்கு ஈயாதிருத்தல் இழிவு என்று கருதி மலை கடந்து தேடும் பொருளைத் தோழி எடுத்துக்கொள்கிறாள். இழிவு என்பதை அவள் மறுக்கவில்லை. அவ்வாறு தேடும் பொருள் பொருளாகுமா, நீ நீங்கினால் வாழாதவளைப் பிரியாதிருத்தலே பொருளாவதன்றி என்று கேட்கிறாள். பொருள் என்னும் சொல் செல்வத்தையும் குறிக்கும். மெய்யான மதிப்பையும் குறிக்கும். அச்சொல்லின் இருமையை வைத்தே அவள் வாதம் நடக்கிறது.

இவ்வாதத்தைச் சொற்சாதுரியம் என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. ஈயாமை இழிவு என்பதை ஏற்றுக்கொண்டே அவள் கேட்பது, இழிவுக்கு அஞ்சுவதும் உயிர்க்கு இரங்குவதும் ஒரே நிறையுடையனவா என்பதே. முன்னது தலைவன் பெயருக்கு நேர்வது. பின்னது தலைவியின் உயிருக்கு நேர்வது. பாடலின் முடிவில், தறிக்கு அடங்காத களிறு யாழிசைக்கு அடங்கி நிற்பதுபோல அவன் அவள் சொல்லுக்குத் தங்கினான் என்று தோழி தலைவியிடம் தெரிவிக்கிறாள். இவ்வுவமையும் ஆராயத்தக்கது. யாழ் களிற்றைக் கட்டுவதில்லை. அதன் வலிமையைக் குறைப்பதும் இல்லை. தன் விருப்பத்தாலேயே அது நிற்கிறது. தலைவனது தங்குதல் தோல்வி அன்று என்பதைப் புலவர் இவ்வாறு உணர்த்துகிறார்.

செலவின் இடையே தயங்கி நிற்பது போகாமை ஆகாது, அது ஆற்றுவித்தலைக் கருதிய தாமதமே என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுவதைக் காட்டி, இத்தகைய பாடல்களின் முடிவு தற்காலிகமானதே என வாதிடலாம். அவ்வாறே கொள்ளினும் முடிவு மாறுவதில்லை. பிரியும் உரிமை ஒருவனுக்குத் தானாகக் கிடைத்துவிடுவதில்லை. விடப்படுபவளை ஆற்றுவித்த பின்னரே அது கிடைக்கிறது என்பதை இலக்கணமே ஏற்கிறது. உலகத்திற்குச் செய்யும் கடமைக்கு முன் செய்துமுடிக்கவேண்டிய ஒரு கடமை வீட்டு வாயிலில் உள்ளது.

பட்டினப்பாலை: செங்கோலும் தோளும்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடிகளைக் கொண்டது. அவற்றுள் அகப்பொருளுக்கு உரியவை ஐந்தாறு அடிகளே. எஞ்சியவை காவிரி, புகார், கரிகாலன் ஆகியோரின் சிறப்பை விரிப்பன. அதனால் அகச்செய்தி வெறும் சட்டகம் என்றும் மன்னனைப் புகழ்வதே நோக்கம் என்றும் கொள்ள இடமுண்டு. ஆயினும் தலைவன் எதனை மறுக்கிறான் என்று நோக்கும்போது சட்டகத்திற்கும் உள்ளீட்டிற்கும் உள்ள தொடர்பு புலப்படும்.

சிறப்புக் குன்றாத அப்பட்டினத்தையே பெறுவதாயினும் இவளை விட்டு வாரேன் என்று அவன் நெஞ்சிடம் கூறுகிறான். அந்தப் பட்டினம் எத்தகையது என்பதை முன்னுள்ள இருநூற்றுக்கு மேற்பட்ட அடிகள் கூறிவிட்டன. அங்கே அட்டிற்சாலைகளில் வடித்த சோற்றுக் கஞ்சி ஆறுபோல் ஓடுகிறது. வணிகர் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் வாழ்கின்றனர். ஆகவே அவன் மறுப்பது ஒரு செல்வக் குவியலை மட்டும் அன்று. ஈதலும் நடுநிலையும் நிலைபெற்ற ஒரு நகரத்தை, பொருள்வயிற் பிரிவின் நோக்கமாகச் சொல்லப்படும் அனைத்தும் நிறைவேறிய இடத்தை மறுக்கிறான். மறுப்பின் பெருமையைக் காட்டவே நகரின் பெருமை விரிந்தது.

இறுதி அடிகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. திருமாவளவன் பகைவர்மேல் ஓச்சிய வேலைவிட வெம்மையானது காடு; அவன் செங்கோலைவிடக் குளிர்ச்சியானவை இவள் தோள்கள். காதலியின் தோளுக்கு மலரையோ மூங்கிலையோ ஒப்பாகக் கூறுவது மரபு. இங்கே அதனை அளக்கும் கோலாக அரசநீதி வருகிறது. குடிகளைக் காக்கும் செங்கோலின் குளிர்ச்சி பொது அறத்தின் உச்சம். அந்த அளவையாலேயே தனி இன்பம் அளக்கப்படுகிறது. அளந்தபின் இன்பமே மிகுதி எனப்படுகிறது. இன்பம் அறத்திற்கு வெளியே நிற்கும் ஒன்றாயின் இந்த ஒப்பீடே எழாது. ஒருவர்க்கொருவர் நிழலாக இருத்தலும் காவலின் ஒரு வடிவமே என்ற கருத்து இதன் அடியில் உள்ளது.

நெடுநல்வாடை: ஒரே காற்று, இரண்டு அடைகள்

பட்டினப்பாலையின் தலைவன் தங்கினான். நெடுநல்வாடையின் தலைவன் சென்றான். நக்கீரர் பாடிய இந்த 188 அடிப் பாட்டு, சென்றவனைப் பழிக்கவும் இல்லை. விடப்பட்டவளின் துயரைச் சிறிதாக்கவும் இல்லை. இருவரையும் ஒரே வாடையில் நிறுத்துகிறது. பிரிந்த தலைவிக்குப் பொழுது நீண்டு தோன்றுதலின் நெடுவாடை. பாசறையில் வெற்றி கருதி இருக்கும் அரசனுக்கு நல்வாடை என்று பெயர்க்காரணம் கூறுவர். ஒரு காற்றுக்கு இரண்டு அடைகள். ஒருவர்க்கு நல்லதாவது மற்றவர்க்கு நெடியதாகிறது என்னும் உண்மை தலைப்பிலேயே பதிந்துள்ளது.

அரசியின் கட்டில் போரில் வீழ்ந்த நாற்பது வயது யானையின் தந்தத்தால் இயன்றது. அவள் தனித்துக் கிடக்கும் இடமே போரின் விளைபொருள். மேற்கட்டியில் எழுதிய திங்களோடு பிரியாதிருக்கும் உரோகிணியை நோக்கி அவள் நெடுமூச்செறிகிறாள். அவள் துயர் தீர, அரசன் மேற்கொண்ட போர் வெற்றியோடு விரைந்து முடிக என்று வேண்டுதல் நிகழ்கிறது. இவ்வேண்டுதலின் அமைப்பு கவனிக்கத்தக்கது. வெற்றி கேட்கப்படுவது நாட்டின் பெருமைக்காக அன்று. ஒருத்தியின் துயர் தீர்வதற்காக.

அடுத்துக் காட்சி பாசறைக்கு மாறுகிறது. நள்ளிரவில் அரசன் உறங்காமல், சிலரோடு புறப்பட்டுப் புண்பட்ட வீரரைக் காண்கிறான். வாடை எறியுந்தோறும் விளக்குகள் தென்புறமாகச் சாய்கின்றன. முன்செல்வோன் காயமுற்றோரை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். அரண்மனையில் ஒருத்தி உறங்கவில்லை. பாசறையில் ஒருவன் உறங்கவில்லை. அவன் அவளை நினைத்ததாகப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் அவன் செய்வது அவளுக்குச் செய்யவேண்டிய அதே செயலை: துன்புற்றவர் அருகில் சென்று நிற்றல். அவளுக்குச் செய்ய இயலாததை அவன் வீரர்க்குச் செய்கிறான். பிரிவுக்குத் தகுதி தருவது வெற்றி அன்று, இந்த இரவு நடையே என்பது போல நக்கீரர் பாட்டை அங்கேயே நிறுத்திவிடுகிறார். திரும்பி வந்தான் என்ற செய்தி இல்லை.

வேலில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனின் அடையாளப் பூவாதலின் இப்பாட்டு அகம் அன்று, புறமே என்பது நச்சினார்க்கினியர் கொள்கை. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அவ்வுரையோடு பதிப்பித்த காலம் தொட்டு இது விவாதிக்கப்பட்டு வருகிறது. இவ்விவாதத்தைத் திணைப்பாகுபாட்டுச் சிக்கலாக மட்டும் கருத வேண்டுவதில்லை. ஒருவன் தன் வீட்டுக்கும் நாட்டுக்கும் ஒரே நேரத்தில் கடன்பட்டிருக்கும்போது அவன் கதை அகமா, புறமா என்று பிரிக்க முடியாமற் போவது இயல்பே. இலக்கணத்தின் இடர்ப்பாடு வாழ்க்கையின் இடர்ப்பாட்டைச் சுட்டுகிறது.

பெறுவோரின் குரல்

மேற்கண்ட பாடல்களுக்கு எதிராக ஒரு வலுவான தடையை எழுப்பலாம். அகப்பாடல்களில் கொடுப்பவன் பேசுகிறான், விடப்பட்டவள் பேசுகிறாள், இரந்து வருவோன் பேசுவதில்லை. தலைவன் தங்கிவிட்டால் பசித்திருப்பவர் யார்? அவர் துயரைக் கணக்கில் சேர்க்காமல் தலைவியின் துயரை மட்டும் கேட்பது ஒருதலைச் சார்பு ஆகாதா? இத்தடைக்கு அகத்துள் விடை இல்லை. பெறுவோர் பேசும் இடம் புறம்.

புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் ஆவியர் கோமான் பேகனை நோக்கியவை. மயிலுக்குப் போர்வை அளித்தவன் என்று புகழ்பெற்ற வள்ளல் அவன். அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காக அவனிடம் பேசினர். அவன் பிரிந்தது கடமையால் அன்று. வேறொருத்தியை நாடியே என்பது 144ஆம் பாடலால் பெறப்படும். எனினும் நமக்கு வேண்டிய செய்தி பிரிவின் காரணத்தில் இல்லை. பெறுவோரின் விடையில் உள்ளது. பரணர், தாம் பசித்து வரவில்லை என்கிறார்; இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் இரக்கும் பரிசில் என்கிறார். அரிசில்கிழாரோ அவன் தரும் அணிகலனும் செல்வமும் வேண்டா, குதிரையைத் தேரில் பூட்டுக என்கிறார்.

இப்புலவர்கள் கொடையை நம்பி வாழ்ந்தோர். ஈதலைப் புகழ்வதில் அவர்களுக்கு நேரடி நலன் உண்டு. அத்தகையோரே ஒரு பெண்ணின் கண்ணீர் கலந்த கொடையை ஏற்க மறுத்தனர். உலகோர்க்கு அள்ளிக் கொடுப்பதால் வீட்டில் இழைத்த தீங்கு ஈடாகிவிடாது என்பதைக் கொடை பெறுவோரே கூறியமையால் இவ்விடை வலிமை பெறுகிறது. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் வள்ளன்மைக்குச் சான்றாகக் காட்டப்படும் பாடல்கள் பல. அவற்றோடு வள்ளன்மையின் எல்லைக்குச் சான்றாக இவ்வைந்து பாடல்களையும் வைத்துப் படித்தல் வேண்டும்.

மறுக்கப்படாத வழி ஒன்றும் புறநானூற்றில் உண்டு. குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் பேசும் பாடல் (163) அது. உன்னை விரும்புவோர்க்கும் நீ விரும்புவோர்க்கும் சுற்றத்தார்க்கும் கடன் தந்தோர்க்கும் கொடு. என்னைக் கேட்கவும் வேண்டா. சேமித்து வாழ்வோம் என்று எண்ணவும் வேண்டா என்கிறார். நெடுநாள் பசித்திருந்த வீடு அது. அங்கே ஈதலின் விலையாக மனைவி செலுத்தப்படவில்லை. ஈபவளாகவே அவள் நிற்கிறாள். பாலைத் தலைவன் தன் துணையை வெளியே வைத்துச் செய்ய நினைத்த அறத்தைப் பெருஞ்சித்திரனார் தம் துணையின் கையால் செய்கிறார். இன்பமும் கடமையும் பகைக்காத இடம் இது ஒன்றே எனலாம்.

மரபின் எல்லைகள்

இப்பாடல்களின் எல்லைகளையும் கூறுதல் நேர்மை. தலைவிக்கு மரபு குரலைத் தந்தது, தெரிவைத் தரவில்லை. கடமைக்காகப் பிரிந்து செல்லும் பெண்ணுக்குப் பொருள்வயிற் பிரிவில் இடமில்லை. அவளது கடமை ஆற்றியிருத்தலே என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. தலைவன் தங்குவதும் செல்வதும் இறுதியில் அவன் முடிவே.

மேலும், இச்சிக்கல் எல்லார்க்கும் உரியது அன்று. பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரைக் காட்டுகிறார். அங்கே குழந்தையை உடைய பெண் வண்டியின் எருதுகளை ஓட்டுகிறாள். ஆடவர் உடன் நடக்கின்றனர். வீடே வழியில் செல்லும் அக்குடும்பத்திற்கு வினையா, துணையா என்ற வினா எழ இடமில்லை. வீடும் வினையும் பிரிந்து கிடக்கும் வாழ்க்கையிலேதான் அவ்வினா எழுகிறது. ஆகவே பாலையின் அறச்சிக்கல் மனித இயல்பிலிருந்து மட்டும் பிறந்தது அன்று. வாழ்க்கை அமைப்பிலிருந்தும் பிறந்தது.

முடிவுரை

திருக்குறளும் இவ்விரு குரல்களையும் ஒன்றாக்கவில்லை. முயன்று ஈட்டிய பொருளெல்லாம் தகுதியுடையார்க்கு உதவுவதற்கே என்று ஒப்புரவறிதல் அதிகாரம் கூறுகிறது. பிரியாமை உண்டாயின் சொல், விரைந்து வருவாய் என்பதை அதுவரை உயிரோடு இருப்பவர்க்குச் சொல் என்று பிரிவாற்றாமை அதிகாரம் தொடங்குகிறது. ஒரே நூல் ஈட்டச் செல்க என்பதையும், சென்றால் ஓர் உயிர் நில்லாது என்பதையும் சொல்லி, இரண்டையும் அவ்வாறே விட்டுவைக்கிறது. இதனை முரண்பாடு எனக் கருதுவோர், அறம் ஒவ்வொரு வழக்கிலும் ஒரு தீர்ப்பையே தரவேண்டும் என்று எதிர்பார்ப்போர் ஆவர்.

சங்கப் புலவர்கள் அவ்வாறு எதிர்பார்க்கவில்லை. தங்கியவனைக் கோழை என்றும் சென்றவனைக் கொடியவன் என்றும் அவர்கள் முத்திரை குத்தவில்லை. அவர்கள் ஒரு பிழையை மட்டும் அனுமதிக்கவில்லை: பிறர் செலுத்தும் விலையைத் தன் தியாகமாக ஒருவன் சொல்லிக்கொள்வதை. கடமைக்காக இன்பத்தை விட்டேன் என்று எவரேனும் கூறுமிடத்து, அவ்வின்பத்தில் பாதி யாருடையது, அவரைக் கேட்டாயா என்று தோழியின் குரல் கேட்கிறது. பொதுப்பணிக்காக வீட்டைத் துறந்தோரின் வரலாறுகள் பெரும்பாலும் துறந்தவரின் பக்கமிருந்தே எழுதப்படுகின்றன. அவற்றைப் படிக்கும் திறனாய்வாளர்க்குப் பாலைப் பாடல்கள் கற்பிக்கும் முறை எளியது. துறந்தவர் பெயருக்கு அருகே, விடப்பட்டவர் பெயரையும் எழுதிப் படித்தல் வேண்டும். தன்னலமா, பிறர்நலமா என்னும் பழைய வழக்கில் பிறர் என்ற சொல்லுக்குள் மிக அருகில் இருப்பவரும் அடங்குவர்.